நாட்டைத் திருத்திய ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஊழல் எத்தனையோ தடவை ஒழிக்கப்பட்டிருக்கிறது. கறுப்புப் பணம் மூட்டை மூட்டையாக மீட்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு தீவிரவாதிகள் ஒரே நொடியில் சுட்டுத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவும் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிறகு தொடங்கி, சாயங்காலக் காப்பிக்குள் முடிந்துவிடும். மறுநாள் காலை பால் வாங்கப் போனால், தெருவிளக்கு வழக்கம்போல் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும்.

நான் வருவாய்த் துறைக்காரன். ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகி, அதற்கு மேல் யாரும் ஆக்காததால் அப்படியே ஓய்வு பெற்றவன். ஷங்கர், ஏ.ஆர்.முருகதாஸ் படங்களில் இடைவேளைக்கு முன்னால் கடத்தப்பட்டு, நாற்காலியில் கட்டப்பட்டு, நீளமான வசனம் கேட்டுச் சாகிறார்களே, அவர்கள் என் சக ஊழியர்கள். தன் தொழில்காரன் திரையில் சாகும்போது கைதட்டுகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான். தட்டாமல் என்ன செய்வது? தியேட்டரே தட்டும்போது ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பக்கத்து சீட்டுக்காரர் "சார் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டுவிடுவார்.

என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். சினிமாவையும் அவள் விடைத்தாளாகத்தான் பார்ப்பாள். "விடை சரிங்க. நாடு திருந்திடுச்சு. ஆனா ஸ்டெப்ஸ் எங்கே?" என்பாள். கடைசி வரியை மட்டும் எழுதி இரண்டு கோடு போட்டுவிட்டு வந்த பையனுக்கு அவள் ஒரு மார்க்குக்கு மேல் போட்டதில்லை. ரஜினிகாந்துக்கும் போட மாட்டாள்.

நான் எப்போதும் நாயகன் கட்சி. இந்த வீட்டில் எனக்கு வேறு கட்சியும் இல்லை.

1999-இல் வந்த 'முதல்வன்' போட்டால் எங்கள் வீட்டில் வாதம் நிச்சயம். தொலைக்காட்சி நிருபர் அர்ஜுன், முதலமைச்சர் ரகுவரனைப் பேட்டி எடுக்கிறார், கேள்வி சூடாகிறது, முடிந்தால் நீயே ஒரு நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார் என்கிறார் ரகுவரன். இவர் உட்கார்ந்தும்விடுகிறார். "அதெப்படி? இவன் எம்.எல்.ஏ.வே இல்லையே?" என்றாள் மனைவி. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க அரசு நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஒரு பலன் வேண்டாமா? "அரசியலமைப்புச் சட்டம் 164(4). சட்டமன்ற உறுப்பினரா இல்லாதவங்களும் ஆறு மாசம் வரைக்கும் மந்திரியா இருக்கலாம். ஆறு மாசம் இருக்கலாம்னா ஒரு நாள் இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருக்கலாம். ஆனா பழையவர் ராஜினாமா பண்ணணும். முதல்வர் போனா மந்திரிசபையே போச்சு. மறுநாள் அவரே திரும்பி வரணும்னா மறுபடி கவர்னர், மறுபடி எல்லாருக்கும் பிரமாணம். அந்த ஸ்டெப் எங்கே?"

அந்த ஸ்டெப் போகட்டும். அந்த ஒரு நாளில் அர்ஜுன் ஊர் ஊராகப் போய் அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்வார், உத்தரவு அங்கேயே டைப் அடித்துத் தரப்படும், தியேட்டர் அதிரும். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். எங்கள் ஒழுங்கு விதிகளில் 17-இ என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. தொடக்கத்தில் சம்பளத்தில் பாதி. ஆகவே ஒரு நாள் முதல்வர் உண்மையில் செய்தது, ஊரில் உள்ள மோசமான அதிகாரிகளுக்கெல்லாம் பாதிச் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்ததுதான். பிறகு 17-பி குற்றக் குறிப்பாணை தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை அலுவலர் போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அத்தனை பேரும் வழக்குப் போட்டுப் பாக்கிச் சம்பளத்தோடு திரும்பி வந்து, அதே சீட்டில் உட்கார்ந்து, அதே பேனாவை எடுப்பார்கள். அதற்குள் அந்த நாள் முடிந்து பாட்டு வந்துவிடும்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சி இன்னும் விசேஷம். நல்லாட்சி தர வந்த முதல்வர், பழைய முதல்வரைத் தனியறைக்கு வரவழைத்து, அவர் கையில் துப்பாக்கி இருக்கும்படி செய்து, காவலர்கள் அவரைச் சுடும்படி ஏற்பாடு செய்கிறார். அதன்பின், என்னையும் அரசியல்வாதி ஆக்கிவிட்டார்களே என்று வருந்துகிறார். வருந்தியதால் நாங்களும் மன்னித்துவிட்டோம். ஒரு விசாரணைக் கமிஷன்கூடக் கேட்கவில்லை.

'ரமணா'வுக்கு வருகிறேன். 2002-இல் அந்தப் படம் வந்தபோது எங்கள் அலுவலகத்தில் அதைப் பற்றி மெல்லிய குரலில்தான் பேசுவோம். பேராசிரியர் விஜயகாந்தின் பழைய மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் வேலையில் இருந்துகொண்டு, யார் எவ்வளவு லஞ்சம் வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். பதினைந்து தாசில்தார்கள் கடத்தப்படுகிறார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்தவர் கொல்லப்படுகிறார். மற்றவர்கள் புத்திமதியோடு வீடு திரும்புகிறார்கள்.

"ரெண்டாவது ரேங்க் எடுத்தவன் வீட்டுக்குப் போயிட்டானா?" என்றாள் மனைவி. "அப்ப ஒரு ரூபா கம்மியா வாங்கினா போதுமே!"

நான் யோசித்துப் பார்த்தேன். போதும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எல்லோரும் கலந்து பேசி, யாரும் முதலிடத்துக்கு வராமல் சமமாக வாங்கிக்கொண்டால், நாயகன் யாரைக் கொல்வது என்று தெரியாமல் தவித்துப்போவான். லஞ்சத்துக்கு ரசீது கிடையாது என்பது வேறு சங்கதி. ரசீதில்லாத தொகையைப் பைசா சுத்தமாகக் கூட்டி ரேங்க் போட்ட அந்த மாணவர்களைத் தணிக்கைத் துறைக்கு அனுப்பாமல் ஆள் கடத்த அனுப்பியது நாட்டுக்குத்தான் நஷ்டம்.

அந்தப் பட்டியலில் எனக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று ஒருநாள் மனைவியிடமே கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பு நியாயமானதுதான். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி நான் இருந்தது தபால் பிரிவு. வரும் மனுவைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, உரிய சீட்டுக்கு அனுப்புவது. போகும் கடிதத்துக்கு எண் போட்டு, உறையில் இட்டு, ஸ்டாம்ப் ஒட்டுவது. அந்த நாற்காலிக்கு ஐந்து ரூபாய் நீட்டியவர் யாருமில்லை. நீட்டினால் என்ன நடக்கும்? கடிதம் இன்னும் நேராக ஒட்டப்படும், அவ்வளவுதான். ஆக, என் நேர்மை நாற்காலி கொடுத்த நேர்மை. ஆனாலும் 'ரமணா' பார்த்துவிட்டு வந்த இரவு, பீரோவில் இருந்த ஒரு தீபாவளி ஸ்வீட் டப்பாவை மட்டும், எதற்கு வம்பு என்று இடம் மாற்றி வைத்தேன்.

அந்தப் படத்தில் மனைவி முழு மார்க் போட்ட ஒரு காட்சியும் உண்டு. ஏற்கெனவே இறந்துவிட்ட ஒருவரைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார் நாயகன். அவர்களும் சிகிச்சை, மருந்து, பணம் கட்டு என்று பில்லை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் இறப்புச் சான்றிதழ் வெளியே வருகிறது. "இதுல பாருங்க, தேதி இருக்கு, பேப்பர் இருக்கு, ஒவ்வொரு ஸ்டெப்பும் இருக்கு" என்றாள். உண்மைதான். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இன்றைக்கும் ஊர் மறக்காத காட்சி அது. அதில் யாரும் யாரையும் பறந்து அடிப்பதில்லை. ஒரு சான்றிதழ்தான் அடிக்கிறது. சான்றிதழுக்குப் பெயர்போன துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு அன்று கொஞ்சம் கண் கலங்கியது.

யூகி சேது நடித்த கான்ஸ்டபிளையும் சொல்ல வேண்டும். லஞ்சம் கொடுக்காததால் மேல் பதவி கிடைக்காமல் போனவர். பெரிய அதிகாரிகளால் முடியாத துப்பை அவர்தான் துலக்குகிறார். லஞ்சத்தால் வாழ்க்கை போனவன், லஞ்சக்காரர்களைக் கொல்கிறவனைத் தேடுகிறான்! அவர் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும்? என்னைக் கேட்டால் படமே அவரைப் பற்றி எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் என்னைத் தவிர யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

துப்பறிதல் என்றதும் 'இந்தியன்' (1996) நினைவுக்கு வருகிறது. கொலைகாரன் எழுதிய கடிதத்தில் பழைய எழுத்துமுறை இருப்பதைப் பார்த்து, ஆள் வயதானவர் என்று சி.பி.ஐ. அதிகாரி கண்டுபிடிக்கிறார். எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முன்னால் பள்ளியில் எழுதப் படித்தவர் எவரும் பழைய 'லை'தான் எழுதியிருப்பார். அப்படிப் பார்த்தால் 1996-இல் முப்பது வயது தாண்டிய தமிழர் அத்தனை பேரும் சந்தேகப் பட்டியலில் வருவார்கள். நானே இன்றுவரை மளிகைச் சீட்டில் 'கடலை' என்று யானைத்துதிக்கை வைத்துத்தான் எழுதுகிறேன். மளிகைக்கடைப் பையன் அதைக் கடல் என்று படித்துவிட்டு உப்பு கட்டிக் கொடுத்தான்.

'இந்தியன்' நாயகன் சேனாபதி நேதாஜியின் படையில் இருந்தவர். அப்படியானால் 1996-இலேயே எழுபதைத் தாண்டியவர். 2024-இல் 'இந்தியன் 2' வந்தபோது நூறை எட்டியிருக்க வேண்டும். நூறு வயதில் அவர் அடித்த அடியைப் பார்த்து எல்லோரும் லாஜிக் எங்கே என்று கேட்டார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் தொண்ணூறைத் தாண்டிய தாத்தா ஒருவர் நான் நடைப்பயிற்சி முடிக்கும் முன் இரண்டு சுற்று வந்துவிடுகிறார். என் கவலை வேறு. சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் 1972-இலிருந்து உண்டு. நேதாஜி படையினருக்கும் உண்டு. ஓய்வூதியம் என்றால் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைமறைவாக வெளிநாட்டில் இருக்கும் மனிதர் அதை எந்த வங்கிக் கிளையில் போய்க் கொடுப்பார்? எனக்கே கைரேகை பதியவில்லை என்று கருவியில் கட்டைவிரலைத் தேய்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். எதிரிகளை வர்மக்கலையால் முடக்கிய அவர் விரல் அந்தக் கருவியில் பட்டால் கருவி பிழைக்குமா?

ஷங்கர் படங்களைத் தொடர்ந்து பார்த்ததில் ஒரு பேருண்மை எனக்குப் புலப்பட்டது. மனிதனின் அடையாளம் முகத்தில் இல்லை, தலைமுடியில் இருக்கிறது. 'அந்நிய'னில் (2005) விக்ரம் முடியை முன்னால் தொங்கவிட்டால் அந்நியன்; சாயம் போட்டால் ரெமோ; வாரிக் குடுமி முடிந்தால் அம்பி. கூடவே திரியும் நண்பனுக்கும் தெரியாது, காதலிக்கும் தெரியாது. 'சிவாஜி'யில் (2007) ரஜினிகாந்த் காவலில் இறந்து, மருத்துவர் புண்ணியத்தில் பிழைத்து, மொட்டைத் தலையோடு எம்.ஜி.ரவிச்சந்திரன் என்று திரும்பி வருகிறார். அவ்வளவுதான், சட்டத்தைப் பொறுத்தவரை வேறு ஆள். நான் நாற்பது வயதிலேயே தலைமுடியை இழந்தவன். அதற்கு முன் கைமாற்று கொடுத்திருந்த ஒருத்தர்கூட என்னை அடையாளம் தெரியாமல் விட்டதில்லை.

சிவாஜி இறந்ததற்கு இறப்புப் பதிவு நடந்திருக்க வேண்டும். பிறகு அவர் மனைவி வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டிருக்க வேண்டும். அந்த மனு எங்கள் மாதிரி ஒரு தாலுகா அலுவலகத்துக்குத்தான் வரும். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார், "மொட்டையா இருக்காரே, அவர் யாருங்க?" என்று கட்டாயம் கேட்பார். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய ரகசியம் ஒரு வி.ஏ.ஓ.விடம் உடைந்திருக்கும்.

ஆனால் 'சிவாஜி'யில் நிஜமான ஓட்டை பணத்தில் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னது என் மகள். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். படம் பார்க்கும்போதும் அந்தக் கண்ணாடியைக் கழற்ற மாட்டாள். அமெரிக்காவில் சம்பாதித்த 200 கோடி ரூபாயோடு ஊருக்கு வந்து, இலவச மருத்துவப் பல்கலைக்கழகம் கட்டப் பார்த்து, லஞ்சத்திலும் சூழ்ச்சியிலும் எல்லாவற்றையும் இழந்து நடுத்தெருவுக்கு வருகிறார் சிவாஜி. பிறகு கறுப்புப் பணக்காரர்களை மிரட்டி ஆளுக்குப் பாதி வாங்குகிறார். அந்தப் பணத்தை உண்டியல் வழியில் வெளிநாடுகளுக்கு அனுப்பி, அங்கிருந்து நன்கொடையாகத் தன் அறக்கட்டளைக்கு வரவழைக்கிறார். கறுப்பு வெள்ளையாகிவிட்டது. நான் அந்த இடத்தில் எப்போதும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன்.

"அப்பா, கொஞ்சம் உட்காருங்க" என்றாள். "மிரட்டிப் பணம் வாங்கினது ஒரு குத்தம். உண்டியல்ல அனுப்பினது இன்னொண்ணு. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் 2002-ல போட்டு, 2005 ஜூலையில அமலுக்கு வந்தாச்சு. படம் வந்தது 2007. வெளிநாட்டு நன்கொடை வாங்கணும்னா மத்திய அரசுகிட்டப் பதிவு இருக்கணும், இல்லேன்னா முன்அனுமதி. இவர் பண்றதுல ஒரு அடிகூடச் சட்டப்படி இல்லை. கறுப்புப் பணத்தை ஒழிக்கிறதுக்காக, கறுப்புப் பணக்காரங்க பண்றது அத்தனையும் அவங்களை விட நல்லாப் பண்றார்."

"நல்ல காரியத்துக்குத்தானேம்மா?"

"எங்க ஆபீஸ்க்கு வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். மனைவி மகளுக்கு ஒரு முறுக்கு கூடுதலாக வைத்தாள்.

முறுக்கு என்றதும் 'துப்பாக்கி' (2012). விடுமுறையில் மும்பைக்கு வரும் ராணுவ அதிகாரி விஜய், பிடிபட்ட தீவிரவாதியைத் தன் வீட்டிலேயே, தன் அறையின் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். அப்பா, அம்மா, தங்கைகள் எல்லோரும் புழங்கும் வீடு. ஒருவருக்கும் தெரியாது! ஆணையில்லாமல் ஆளைப் பிடிப்பது, விசாரணையில்லாமல் பன்னிரண்டு பேரைச் சுடுவது, இதெல்லாம் சரியா என்று பெரியவர்கள் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். நான் திகைத்தது அலமாரியில். எங்கள் வீட்டில் நான் ஒளித்து வைத்த முறுக்கு டப்பா ஒரு பொழுது தாண்டியதில்லை. தீவிரவாதிக்குச் சாப்பாடு யார் கொடுத்தது? தட்டு குறைந்தது யாருக்கும் தெரியவில்லையா? ராத்திரி தும்மல் வராதா? தேசப் பாதுகாப்பில் கோட்டை விடுகிற அம்மாக்கள் உண்டு என்றால் நம்புவேன்; பிள்ளையின் அலமாரியைத் திறந்து பார்க்காத அம்மா உண்டு என்றால் நம்ப மாட்டேன்.

இந்தப் படங்களில் யார் எதை எதிர்க்கிறார்கள் என்று யோசித்தால் ஒன்று தட்டுப்படும். லஞ்சத்தை எதிர்ப்பார்கள். ஏனென்றால் லஞ்சத்துக்கு ஆதரவாக ஊரில் கட்சி கிடையாது. லஞ்சக்காரனைத் திரையில் கொன்றால் எவனும் தியேட்டர் கண்ணாடியை உடைக்க மாட்டான். கொடியின் நிறம் எந்தக் கட்சிக்கும் பொருந்தாமல் இருக்கும். வில்லன் மந்திரிக்கு வெள்ளை வேட்டி இருக்கும், கொள்கை இருக்காது. சாதிப் பேச்சும் பெரும்பாலும் வராது. நான் பதிவு செய்த மனுக்களில் மூட்டை மூட்டையாக வந்தது சாதிச் சான்றிதழ் கேட்டுத்தான். ஆனால் தமிழ்நாட்டைத் திருத்த வருகிற நாயகனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தனி மனிதன் கெட்டவன், அவனைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரி. ஒரு வரிக் கணக்கு. பெயில் ஆக வாய்ப்பே இல்லை.

எப்போதாவது இவர்கள் பெயர் சொல்லி ஒன்றைத் தொட்டால் மட்டும் பற்றிக்கொள்ளும். 2017-இல் 'மெர்சல்' ஜி.எஸ்.டி.யைத் தொட்டது. சிங்கப்பூரில் 7 சதவீதம் வாங்கிக்கொண்டு மருத்துவம் இலவசமாகத் தருகிறார்கள், இங்கே 28 வாங்கியும் தருவதில்லை என்பது வசனத்தின் சாரம். பா.ஜ.க.வினர் கொதித்தார்கள், வெட்டச் சொன்னார்கள். அந்தக் கொதிப்பிலேயே படம் இன்னும் ஓடியது. நான் கைதட்டிவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, ஏழு சதவீதம் நிஜம். இலவசம் யார் சொன்னா? மாசா மாசம் சம்பளத்துல மெடிசேவ்னு பிடிக்கிறாங்க, ஆஸ்பத்திரி போனா அதுலேர்ந்துதான் போகும்" என்றான். இங்கேயும் 28 என்பது அப்போதைய உச்ச விகிதம். மருந்துகளுக்கு அப்போது பெரும்பாலும் 5, 12 தான். சாராயத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லையே என்ற கேள்வியும் படத்தில் உண்டு. இல்லைதான். ஆனால் வரி இல்லாமல் இல்லை; மாநில அரசு அதன்மேல் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் போட்டு, 2003-இலிருந்து கடையையும் டாஸ்மாக் மூலம் தானே நடத்துகிறது. நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் மாதம் பிறந்தால் வருகிற என் ஓய்வூதியத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் குவார்ட்டர் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வசனமும் இல்லை. தட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு 'சர்கார்'. அதில் அரசு கொடுத்த மிக்ஸி, கிரைண்டரை ஜனங்கள் நெருப்பில் தூக்கிப் போடுவார்கள். இயக்குநரே வந்து ஒன்றைப் போடுவார். அ.தி.மு.க.வினர் பொங்கியதில் அந்தக் காட்சி வெட்டப்பட்டது. அதற்கு முன்பே நான் தியேட்டரில் பார்த்துவிட்டேன். விலையில்லாப் பொருள் விநியோகத்தில் வெயிலில் உட்கார்ந்து டோக்கன் எழுதிய கை இது. வரிசையில் நின்று வாங்கிப் போன எந்தப் பெண்மணியும் நெருப்புப் பக்கம் திரும்பியதாக நினைவில்லை; வயர் நீளம் போதுமா என்றுதான் கேட்டார்கள். என் அம்மாவின் ரேஷன் கார்டுக்கு வந்த மிக்ஸி எங்கள் சமையலறையில் இன்றைக்கும் ஓடுகிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'சர்கார்' போட்டபோது, இலவசங்களைக் கண்டித்து விஜய் பேச ஆரம்பித்த இடத்தில் அம்மா தேங்காய்ச் சட்னி அரைக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது தெரிந்தது. கருத்து எதுவும் காதில் விழவில்லை.

ஆனால் அந்தப் படத்தின் அச்சாணி மிக்ஸி இல்லை, 49-பி. இதில் என் மனைவி நிபுணி. ஆசிரியை என்பதால் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி அலுவலராகப் போய், பிறகு தலைமை அலுவலராகவும் இருந்தவள். கதைப்படி, வெளிநாட்டில் பெரிய கம்பெனியை நடத்தும் சுந்தர் ராமசாமி ஓட்டுப் போடுவதற்கென்றே விமானத்தில் வருகிறார். அவர் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகிறார். வழக்கு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் மாநிலம் முழுவதற்கும் மறுதேர்தல்!

"49-பி நிஜம்" என்று தொடங்கினாள். அவள் நிஜம் என்று சொன்னதே எனக்கு வெற்றி. "தேர்தல் நடத்தை விதிகள், 1961. நம்ம ஓட்டை வேற யாராவது போட்டிருந்தா, நாலு கேள்வி கேட்டு, ஆள் இவர்தான்னு திருப்தியானா, டெண்டர் ஓட்டுச் சீட்டு கொடுப்போம். மெஷின்ல இல்லை, காகிதத்துல. ஒவ்வொரு சாவடிக்கும் இருபது சீட்டு கொடுத்து அனுப்புவாங்க. 17-பி படிவத்துல கையெழுத்து வாங்குவோம். அவர் முத்திரை குத்தி மடிச்சு எங்க கையில கொடுப்பார். நாங்க தனி உறையில போட்டு மூடிடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. அதை எண்ண மாட்டாங்க. ஜெயிச்ச வித்தியாசம் ரொம்பக் குறைச்சலா இருந்து, யாராவது 45 நாளுக்குள்ள ஹைகோர்ட்ல தேர்தல் மனுப் போட்டு, கோர்ட் கேட்டா, அந்த உறைக்கு உயிர் வரும். இல்லேன்னா அது உறைதான்."

எனக்கு அந்த உறையின்மேல் பாசம் வந்துவிட்டது. பதிவு செய்து, எண் போட்டு, ஒட்டி, அப்புறம் யாரும் திறக்காத உறை; என் பணிக்காலம் முழுவதும் நான் கையாண்ட சாமான் அதுதானே! ஆனால் இந்தப் படத்தால் ஒரு நல்லது நடந்தது. படத்துக்குப் பிறகு வந்த தேர்தலில், மனைவி இருந்த சாவடிக்கு ஒரு பையன் வந்து, தன் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும், கொஞ்சமும் கலங்காமல் "49-பி கொடுங்க மேடம்" என்றானாம். அவளும் விதிப்படி கேள்வி கேட்டு, சீட்டு கொடுத்து, உறையில் போட்டு ஒட்டினாள். அவன் போகாமல் நின்றான். "மேடம், மறுதேர்தல் என்னிக்கு?"

இந்த நாயகர்களில் சிலர் நிஜமாகவே கட்சி தொடங்கினார்கள். 'ரமணா' விஜயகாந்த் 2005-இல் தொடங்கி, 2011-இல் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 'இந்தியன்' கமல்ஹாசன் 2018-இல். 'சர்கார்' விஜய் 2024-இல். செய்தி வரும்போதெல்லாம் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "இனிமே ஸ்டெப்ஸ் எழுதித்தானே ஆகணும்." அதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாடத்தில் தகராறு செய்த பையன் டியூஷனில் சேர்ந்தால் அவள் குரல் அப்படித்தான் இருக்கும்.

போன மாதம் நான் எரிச்சலில், "இவ்வளவு பேசுறியே, நீயே ஒரு கதை சொல்லேன்" என்றேன். யோசிக்கவே இல்லை, ஆரம்பித்துவிட்டாள். கதாநாயகி ஒரு ஓய்வு பெற்ற டீச்சர். ஊர் ஏரியில் பாதியைக் காணோம். அவள் துப்பாக்கி எடுக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஏரியின் புலப்படமும் 'அ' பதிவேட்டு நகலும் கேட்டு மனுப் போடுகிறாள். முப்பது நாள். மனு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது. அங்கே தகவல் இல்லை என்கிறார்கள். முதல் மேல்முறையீடு. இடைவேளை.

"பாட்டு?" என்றாள் மகள்.

"நினைவூட்டுக் கடிதம் போடுற இடத்துல ஒரு மாண்டேஜ். ரெண்டாம் பாதியில மாநில தகவல் ஆணையம். கிளைமாக்ஸ்ல புலப்படம் வருது. நில அளவர் சங்கிலியை இழுத்துக்கிட்டு நேரா வில்லன் வீட்டு ஹாலுக்குள்ள போறார்."

நான் அசந்துபோனேன். வருவாய்த் துறையே கதாநாயகன் ஆகும் படம்! உடனே என் யோசனையையும் வைத்தேன். அந்தத் தாலுகா அலுவலகத்தில் தபால் பிரிவில் ஒரு நேர்மையான மனிதர் இருக்கிறார், வழுக்கைத் தலை. அவருக்கு ஓர் அறிமுகக் காட்சி வேண்டும். மேலே ஃபேன் ஓடுகிறது, மனுக்கள் பறக்கின்றன, எல்லோரும் பதறுகிறார்கள். அவர் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், ஸ்லோமோஷனில், பேப்பர் வெயிட்டைத் தூக்கி வைக்கிறார். பின்னணி இசை.

மனைவி தீவிரமாக யோசித்தாள். "உங்க கேரக்டர் கட்டாயம் வேணும்" என்றாள். எனக்குப் புல்லரித்தது. "இடைவேளைக்கு முன்னால அந்த மனு காணாமப் போகணும் இல்ல? அதுக்கு ஓர் ஆள் வேணும்."

கால்ஷீட் கொடுத்திருக்கிறேன்.